புனலில் நிற்கும் சொட்டு

போத்தல் வாயில் புனலை வைத்து மண்ணெண்ணெயை ஊற்றி முடித்த பின், அம்மா உடனே புனலை எடுக்க மாட்டார். கானை நிமிர்த்தி, மூடியை இறுக்கி, ஓரமாக வைத்துவிட்டு, குந்தியிருந்தபடியே புனலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொட்டு விழும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நான் அவசரப்பட்டுக் கை நீட்டினால், "சொட்டு நிக்கட்டும் பிள்ளை" என்பார். சொட்டு நின்ற பிறகு பழந்துணித் துண்டொன்றால் புனலின் உட்புறத்தைத் துடைப்பார். அந்தத் துணி அடுத்த நாள் காலையில் அடுப்பு மூட்டுவதற்குப் பனைமட்டைக்குக் கீழே போகும். இதற்கெல்லாம் முன்பே, வாங்கி வந்த எண்ணெயை மூக்குக்குக் கிட்டப் பிடித்து ஒருமுறை மணந்து பார்த்திருப்பார். வேறு ஏதாவது கலந்திருந்தால் அந்த மணத்திலேயே அவருக்குப் பிடிபட்டுவிடும்.

இது 1991. எனக்கு 13 வயது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், சுன்னாகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதோடு மின்சாரம் நின்றது. வடக்குக்குக் கொண்டு போகக்கூடாத பொருட்களின் பட்டியல் வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று அது நீண்டது. மண்ணெண்ணெய் முற்றாக நிற்கவில்லை. சங்கக் கடையில் கூப்பனுக்குக் கொஞ்சம் கிடைக்கும். எண்ணெய் வரும் நாளில் விடியமுன்னமே கான்கள் வரிசையில் இருக்கும். ஆட்கள் பிறகு வருவார்கள். அது போதாத வீடுகள், வவுனியாவிலிருந்து சைக்கிள் கரியரில் கான் கட்டிக்கொண்டு வந்தவர்களிடம் வாங்கின. காட்டுப் பாதையில் உழக்கி, இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து அவர்கள் வந்தார்கள். அந்தக் கடலில் சுடப்பட்டு இறந்தவர்கள் பலர். எங்கள் விளக்கில் எரிகிற எண்ணெய் எந்த வழியால் வந்தது என்று அம்மா ஒருநாளும் எங்களை இருத்திவைத்துச் சொன்னதில்லை. அவர் புனலுக்கு முன்னால் குந்தியிருந்ததைப் பார்த்தே நாங்கள் அதை விளங்கிக்கொண்டோம்.

அந்த எண்ணெயில் எரிந்தது சிக்கன விளக்கு. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் விடுவோம். பழைய சைக்கிள் ரியூபில் இருந்து கழற்றிய வால்வுக் கட்டைக்குள் மெல்லிய நூல் திரியைக் கோத்து, கம்பியால் பிடித்து, போத்தலுக்குள்ளேயே நிறுத்துவோம். போத்தலின் கண்ணாடிதான் சிமினி. காற்று அணைக்காது; எண்ணெயும் மெதுவாகத்தான் இறங்கும். நெல்மணி அளவு சுடர். அதைச் சுற்றி நாங்கள் மூன்று பிள்ளைகள், மூன்று புத்தகங்கள். திரியைக் கொஞ்சம் உயர்த்தினால் எழுத்துத் தெளியும், ஆனால் புகை எழும்பும், போத்தலும் வெடிக்கப் பார்க்கும். காலையில் மூக்கைச் சீறினால் கரி வரும். 1994 டிசெம்பரில் நான் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதியது அந்த நெல்மணி வெளிச்சத்தில் படித்துத்தான். அதற்கு முன்பு வீட்டுக் கூரையில் 60 வாற் குமிழ் எரிந்த இரவுகளில் நான் அந்த அளவு கவனமாகப் படித்ததாக நினைவில்லை.

அந்த வருடங்களில்தான் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் ஓர் உயர்ந்த கோபுரத்தைக் கீறி, பகுதிபடக் காய்ச்சி வடித்தலைப் படிப்பித்தார். மசகு எண்ணெயை ஏறத்தாழ 350 பாகை வரை சூடாக்கிக் கோபுரத்தின் அடியில் விடுவார்கள். ஆவி மேலே ஏற ஏறக் குளிரும். ஒவ்வொரு பொருளும் தன் கொதிநிலைக்கு ஏற்ற தட்டில் திரவமாகி நிற்கும். உச்சியில் ஆவியாகவே வெளியேறுவது வாயு. அதற்குக் கீழே பெற்றோல். பிறகு ஏறத்தாழ 150 முதல் 275 பாகை வரை கொதிக்கிற மண்ணெண்ணெய். அதற்கும் கீழே டீசல். அடியில் தங்கும் தடித்த மிச்சத்திலிருந்து உராய்வு நீக்கி எண்ணெய், கிறீஸ், மெழுகு. கடைசியில் எதற்கும் ஆவியாகாமல் கிடப்பது தார். இலங்கையில் அப்படி ஒரு கோபுரம் சப்புகஸ்கந்தையில் 1969 முதல் இயங்குகிறது என்றும், அதற்கு வேண்டிய மசகு எண்ணெய் முழுவதும் கப்பலில்தான் வருகிறது என்றும் சொன்னார்.

பிறகு அவர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இதில எது எது இப்ப உங்கட வீட்டில இருக்கு?" என்று கேட்டார். வகுப்பு யோசித்தது. ஒருத்தி மண்ணெண்ணெய் என்றாள். ஒருவன், சைக்கிள் செயினுக்குப் போடுகிற கழிவு ஒயில் என்றான். அவ்வளவுதான். கோபுரத்தின் மற்றத் தட்டுகள் எல்லாம் எங்களுக்கு வெறுமையாக இருந்தன. ஒரு நாகரிகம் முழுவதும் எந்தப் பீப்பாயின் மேல் குந்தியிருக்கிறது என்பதை, அந்தப் பீப்பாயை எங்களிடமிருந்து இழுத்தெடுத்த பிறகுதான் நாங்கள் கண்டோம்.

முதலில் தெரிந்தது மெழுகுதிரி. அது தேன்மெழுகு என்று நினைத்திருந்தேன். கடையில் கிடைக்காமல் போனபோதுதான் அது பரவின் மெழுகு, எண்ணெய்க் கோபுரத்தின் பிள்ளை என்று அறிந்தேன். நெருப்புக்குச்சியின் தலைக்குக் கீழே மினுங்குகிற பூச்சும் அதே மெழுகுதான். மருந்தில் பற்றிய தீ குச்சிக்கு இறங்க அதுதான் வழி. குச்சி அருமையானபோது ஒரு வீட்டு அடுப்பிலிருந்து அடுத்த வீட்டுக்குச் சிரட்டையில் தணல் போனது. சலவைத்தூள் மறைந்தபோது அம்மா பனம்பழக் களியையும் சாம்பலையும் கொண்டு துணி தோய்த்தார். சலவைத்தூளின் அழுக்கெடுக்கும் பொருளை மண்ணெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த பகுதியிலிருந்தும் பென்சீனிலிருந்தும் செய்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். வெடித்த உதட்டுக்கு வசிலின் இல்லை, தேங்காயெண்ணெய் பூசினோம். வசிலினும் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததுதான். 1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் என்ற இடத்தில் எட்வின் டிரேக் எண்ணெய்க்காகத் துளைத்துக் கண்டதும், அங்கே போன ரொபேர்ட் செஸ்புரோ என்ற இளைஞர், பம்புத் தண்டில் படிகிற பிசுக்கைத் தொழிலாளர் காயத்துக்குப் பூசுவதைப் பார்த்தார். அதைச் சுத்தம் செய்து 1872-ல் காப்புரிமை எடுத்தார்.

சொப்பிங் பைகளும் வருவது குறைந்தது. வீட்டில் இருந்தவற்றைக் கழுவிக் கொடியில் காயவிட்டோம். அவை கிழிந்ததும் ஓலைக்குத் திரும்பினோம். சந்தைக்குக் கடகம், மீனுக்கு உமல், கடையில் பழைய கொப்பித் தாளில் சுற்றிய சரை. ஆச்சி முற்றத்தில் இருந்து பெட்டி இழைத்தார். அவருக்கு அதில் புதுமை எதுவும் இல்லை. "நான் பிள்ளையா இருக்கேக்கை இதுதானே" என்றார். இலுப்பை எண்ணெய் ஊற்றி எரித்த விளக்குகளும் அவருக்கு நினைவிருந்தன. டிரேக் எண்ணெய் கண்ட நாளிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு உலகம் மசகு எண்ணெயைக் காய்ச்சியது பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்காகத்தான். பெற்றோல் அப்போது வேலைக்கு ஆகாத கழிவு. மோட்டார் கார் வந்த பிறகே அந்த ஒழுங்கு தலைகீழானது. நாங்கள் 1990-ல் இருந்து, கார் வருவதற்கு முந்திய அந்த உலகத்தில் சீவித்தோம். மண்ணெண்ணெய்தான் அரசன்.

கார்கூட அந்த அரசனுக்கு அடங்கியது. மாமாவிடம் ஒரு மொறிஸ் ஒக்ஸ்போட் இருந்தது; வாடகைக்கு ஓடுவார். அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாதது பற்றாது. ஆகவே ஒரு சிறு போத்தலில் பெற்றோலை நிரப்பி, சேலைன் குழாயொன்றால் காபரேற்றருக்கு இணைத்திருந்தார். நாலைந்து துளி பெற்றோலில் எஞ்சின் உயிர் பெறும். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். அந்தப் பழைய எஞ்சின்கள் காற்றை அதிகம் அமுக்காதவை; அதனால் தாங்கின. எங்கள் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற மிசின்களும் இப்படியே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியதால், இந்த வித்தைக்கு வேண்டிய கைகள் ஊரில் ஏற்கெனவே இருந்தன. ஆனால் எரியாத எண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி வழிந்து எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். மாமா அளவுக்கம்பியை இழுத்து இரண்டு விரலுக்கு நடுவில் ஒயிலைத் தேய்த்துப் பார்த்து, "தண்ணியாப் போச்சு" என்று கவலைப்படுவார். வெள்ளைப் புகையை இழுத்துக்கொண்டு அந்தக் கார் ஒழுங்கையால் போனால், போன பிறகும் வெகுநேரம் மணம் நிற்கும். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, செல் காயம் என்று அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்களை எண்ணி முடியாது. பெற்றோல் போத்தலை மாமா படுக்கும்போது தலைமாட்டில் வைத்திருந்தது அந்த இரவுகளுக்காகத்தான்.

அந்த ஒயிலை மாற்றும் நாளில் ஒரு துளியும் மண்ணில் விழாது. பழசு ஒரு தகரத்தில் சேரும். சைக்கிள் செயினுக்குக் கொஞ்சம், கப்பிக்குக் கொஞ்சம், படலைப் பிணைச்சலுக்குக் கொஞ்சம், கறையான் அரிக்காமல் இருக்க வேலிக் கதியாலுக்கும் வளைக்கும் கொஞ்சம் என்று கேட்டுவருகிற அயலுக்குப் பிரிந்துபோகும். எங்கள் மொழியில் அதற்குக் கழிவு ஒயில் என்று பேர் இருந்தாலும், அதைக் கழித்தவர் யாரும் இல்லை.

அப்பாவின் இறைப்பு மிசினைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆறு பரப்பு வெங்காயத் தோட்டம். செம்மண், கிழமைக்கு இரண்டு தரமாவது இறைக்க வேண்டும். அதற்கு வேண்டிய எண்ணெயை வாங்கினால் விளக்குக்கு இல்லை. விளக்குக்கு எடுத்தால் தோட்டம் காயும். 1993-ல் ஒருநாள் அப்பா மிசினைச் சாக்கால் மூடிக் கட்டிவிட்டு, கிணற்றடியில் கழற்றிக் கிடந்த துலாவை மறுபடி ஏற்றினார். சித்தப்பா துலாவில் ஏறி மிதிக்க, அப்பா பட்டை பிடித்து இறைத்தார். விடியப்புறம் நாலு மணிக்குத் தொடங்குவார்கள். துலாவின் அச்சு கிறீச்சிடுகிற சத்தத்தில் நான் எழும்பி, ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திப் படிக்க இருப்பேன். அந்தத் திரியில் எரிந்தது அப்பா மிசினுக்கு ஊற்றாமல் விட்ட எண்ணெய். அவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை. பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று என் தலையைத் தடவியபோது, அவர் உள்ளங்கை மரப்பட்டை போல இருந்தது.

மண்ணெண்ணெய் நல்லதை மட்டும் செய்யவில்லை. அயல் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை, சோடாப் போத்தலில் வைத்திருந்த எண்ணெயைத் தண்ணீரென்று குடித்துவிட்டது. பதறிய ஆச்சி ஒருவர் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைக்கப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் தாதி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: எண்ணெய் வயிற்றில் செய்யும் கேட்டை விட, வாந்தியோடு மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கினால் செய்யும் கேடு பெரிது, ஆகவே வாந்தியெடுக்க வைக்காமல் உடனே கொண்டுவர வேண்டும். குழந்தை பிழைத்தது. அன்று மாலை அம்மா எங்கள் எண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, கைக்கு எட்டாத தட்டில் ஏற்றினார். இன்று என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன்: தின்னரோ, ரேப்பன்ரைனோ, மண்ணெண்ணெயோ, குடிக்கிற போத்தலில் அதை ஊற்றி வைக்காதீர்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி, மழையில், ஓர் அடிக்கு அடுத்த அடி வைக்க இடமில்லாத சனத்துக்குள் நாங்களும் நடந்தோம். சைக்கிளில் அரிசி மூட்டை, உடுப்பு, அதற்கு மேலே எண்ணெய்க் கான். அம்மா கானின் மூடிக்குள் சொப்பிங் பைத் துண்டொன்றை வைத்து இறுக்கியிருந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தபோது, கானைத் திறந்து முதலில் செய்த வேலை, யாரோ ஒருவரின் லாம்புக்கு அரைப் போத்தல் ஊற்றிக் கொடுத்தது. அந்த லாம்பின் கீழே ஒரு தாய் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தாள். அன்றும் அம்மா சொட்டு நிற்கும்வரை புனலை எடுக்கவில்லை.

1996-ல் திரும்பி வந்தோம். நான் இரசாயனவியல் படித்து ஆசிரியரானேன். வெறுமையாக இருந்த கோபுரத்துத் தட்டுகள் ஒவ்வொன்றாக நிரம்பின. 2002-ல் வடக்குக்கு வரும் ஏ9 பாதை திறந்தது, 2006-ல் பூட்டியது, 2009-க்குப் பிறகு மறுபடி திறந்து, வழவழப்பான காப்பெற் வீதியானது. கோபுரத்தின் அடித்தட்டில் கிடந்த தார், கொழும்பிலிருந்து எங்கள் ஒழுங்கை வாசல்வரை நீண்டது. அம்மாவின் குசினியில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வந்து நின்றது. திருகினால் நீலச் சுடர். நான் ஸ்கூட்டரில் பாடசாலைக்குப் போகிறேன். எண்ணெய் நிரப்பு நிலையத்தில் பையன் குழாயை இழுத்து எடுக்கும்போது நாலைந்து துளி பெற்றோல் தாங்கியின் மேல் சிந்தும். அவன் பார்ப்பதே இல்லை. அந்த நாலைந்து துளி மாமாவின் காரை உயிர்ப்பித்த அளவு.

சந்தையில் கடகத்தைக் காணவில்லை. ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு சொப்பிங் பை, பத்துப் பச்சை மிளகாய்க்கு ஒன்று, இரண்டையும் போட்டுக்கொள்ள மூன்றாவதாக ஒன்று. அம்மா அவற்றைக் கழுவிக் காயவிட்டு மடித்து வைக்கிறார். மடித்தவை ஓர் அலுமாரித் தட்டை நிரப்பிவிட்டன. வேலியோரம் மழைவெள்ளம் ஒதுக்கிய பைகள் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கின்றன. எண்ணெய் கிடைக்காத காலத்தில் எங்கள் மண் எண்ணெயால் கெட்டதில்லை. கிடைத்த பிறகுதான் கெடுத்தோம்.

மண்ணோடு போயிருந்தால்கூட இவ்வளவு மனம் நோகாது. 2014 கடைசியில் ஒருநாள் அம்மா தொலைபேசி எடுத்து, "பிள்ளை, கிணத்துத் தண்ணி மணக்குது" என்றார். போய்ப் பார்த்தேன். வாளியில் அள்ளிய தண்ணீரை வெயிலில் பிடித்தபோது மேலே மயிற்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. விரலில் தொட்டேன்; பிசுபிசுத்தது. முப்பது வருடம் அந்த மணத்தோடு பழகிய மூக்குக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுன்னாகத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்த பல கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்திருப்பது தெரியவந்தது அந்தக் காலத்தில்தான். மக்கள் வீதியில் இறங்கினார்கள், வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2019-ல் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. எங்கள் கிணற்றுக்குள் யாருடைய எண்ணெய் எந்த வெடிப்பால் வந்தது என்று சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை. ஆனால் அது ஏன் இவ்வளவு சுலபமாக வந்தது என்று ஓர் ஆசிரியையாகச் சொல்ல முடியும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. எங்கள் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்து உள்ளே வெடிப்புகளும் குகைகளும் செய்திருக்கிறது. அந்த வெடிப்புகளில் தேங்குகிற மழைநீர்தான் எங்கள் கிணறுகள் எல்லாவற்றுக்கும் ஊற்று. மணல் நிலத்தில் தண்ணீர் வடிகட்டப்பட்டு இறங்கும். இங்கே வெடிப்பு வழியே நேராக இறங்கிவிடும். ஒருவர் வளவில் ஊற்றியது இன்னொருவர் கிணற்றில் வந்து நிற்கும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, மேலே மிதக்கும், அள்ளி ஊற்றிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் ஒரு பகுதி தண்ணீரில் கரைகிறது. கரைவதில்தான் கேடு கூடிய பென்சீன் போன்றவை இருக்கின்றன. கொதிக்க வைத்தும் வடிகட்டியும் அந்தத் தண்ணீரை வீட்டில் நல்ல தண்ணீராக்க முடியாது.

பிறகு பவுசரில் தண்ணீர் வந்தது. ஒழுங்கை முகப்பில் சனம் கூடியது. அம்மா கானைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் வைத்தார். அவருக்கு முன்னால் வேறு கான்கள், பின்னால் வேறு கான்கள். 1991-ல் சங்கக் கடை வாசலில் நின்ற வரிசையைப் போலவே அது இருந்தது. நின்ற ஆட்களிலும் பாதிப் பேர் அவர்கள்தான். அப்போது எண்ணெய்க்காக நின்றார்கள். தாகம் எடுத்தால் யார் வீட்டுக் கிணற்றிலும் தேன் போன்ற தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். இப்போது கிணற்றில் எண்ணெய் இருந்தது, தண்ணீருக்காக நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்து, "ஒரு போத்தலுக்கு எவ்வளவு தூரம் நடந்தம். இப்ப அது எங்கட கிணத்துக்குள்ள நிக்குது" என்றார். குரல் உயரவில்லை. நான் பக்கத்தில் நின்று, பதில் சொல்லத் தெரியாமல் கானைப் பிடித்துக்கொண்டேன்.

2022-ல் நாடு முழுவதும் எண்ணெய் இல்லாமல் நின்றது. கியூஆர் குறி வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் பூட்டின. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனபோது, வெளியிணைப்பு எஞ்சினில் கடலுக்குப் போகிற எங்கள் மீனவர்கள் வள்ளங்களைக் கரையில் கவிழ்த்துவிட்டு இருந்தார்கள். தென்னிலங்கையில் உள்ளவர்கள் அந்த மாதங்களில் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்து அம்மா கண் கலங்கினார். பரணில் இருந்த சைக்கிளை நான் இறக்கித் துடைத்து, செயினுக்கு ஒயில் போட்டுப் பாடசாலைக்கு உழக்கினேன்.

பாடசாலை திறந்த கிழமையில் ஒரு ஜாம் போத்தல் விளக்கைச் செய்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். கரும்பலகையில் அதே கோபுரத்தைக் கீறினேன். என் ஆசிரியர் கேட்ட அதே கேள்வியையும் கேட்டேன்: இதில் எது எது உங்கள் வீட்டில் இருக்கிறது? எல்லாம் இருக்கிறது என்று ஒரே குரலில் சொன்னார்கள். அப்படியானால் பாவித்த பிறகு அவை எங்கே போகின்றன என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒருவரின் மகன் எழும்பி, மாற்றிய ஒயிலை அப்பா கடைக்குப் பின்னால் ஊற்றுகிறார் என்றான். அவனைக் கூச்சப்பட விடவில்லை. இந்தக் கல்லுக்குள் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று எல்லோருக்குமாகக் கீறிக் காட்டினேன். அடுத்த மாதம் அவன் வந்து, கடையில் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறோம் ரீச்சர், கழிவு ஒயில் வாங்குகிற ஆட்கள் வந்து எடுக்கிறார்கள் என்றான். ஒரு கடை, ஒரு பீப்பாய். அந்தச் செய்தியை அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன்.

இவ்வளவு வருடமாக நான் படித்ததையும் படிப்பிப்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெற்றோலியத்தைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அது போத்தலுக்குள் இருந்தால் வெளிச்சம். எஞ்சினுக்குள் இருந்தால் உயிர் காக்கிற வண்டி. ஒரு முழம் தள்ளி மண்ணில் விழுந்தால் நஞ்சு. அந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொள்வது மனிதருடைய வேலை. எங்கள் அம்மாமார் அந்த வேலையை, யாரும் படிப்பிக்காமல், குந்தியிருந்து செய்தார்கள். இல்லாமையால் பழகியதென்று அதை ஒதுக்க என்னால் முடியவில்லை. இருக்கும்போதும் அப்படியே செய்ய வேண்டும் என்பதுதான் நான் பிள்ளைகளிடம் கேட்பது.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. கிணற்றுத் தண்ணீரில் படலம் தெரிவதில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் குடிக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் வாளியை அள்ளியதும் அவர் குடத்தில் ஊற்றுவதில்லை. அன்று மண்ணெண்ணெய்ப் போத்தலைப் பிடித்தது போலவே வாளியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, மணந்து பார்க்கிறார். பிறகுதான் ஊற்றுகிறார்.